ரேங்க் கார்டில் ஒரு கைநாட்டு

அவைத் தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்துப் பெரியவர்களே, கல்வியியல் கல்லூரி மாணவர்களே, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

'பிள்ளைகளின் பள்ளி வெற்றியில் பெற்றோரின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் பேச்சாளர்கள் வழக்கமாகப் பெற்றோரைத் திட்டித் தீர்ப்பார்கள். செல்போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தீர்கள், சீரியல் பார்க்கிறீர்கள், பிள்ளை எந்த வகுப்பு என்றுகூடத் தெரியாமல் இருக்கிறீர்கள் என்றெல்லாம் சொன்னால் கைதட்டலும் நன்றாக விழும். இதில் ஒரு சிக்கல். திட்டு வாங்க வேண்டியவர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. வந்த நல்லவர்கள் அவர்கள் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பீடி சுற்றும் ஊர்களில் கழித்தவன் நான். ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மதியம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓடிக்கொண்டே இருக்கும், தலை நிமிராது. அந்தத் தாய்மார்களில் பலர் ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்தவர்கள். மை டப்பாவை நீட்டும்போது முகத்தில் ஒரு கூச்சம் வரும். "எனக்கு என்ன சார் தெரியும், நீங்க பாத்து எப்படியாவது கரையேத்தி விட்டுருங்க" என்பார்கள்.

அந்தப் பேச்சை மறுக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தகப்பனும் பிள்ளையின் படிப்புக்குச் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. படித்த பெற்றோர் பெருமையாகச் செய்யும் சில காரியங்களைவிட அது கூடுதலாகவே பலன் தருகிறது.

ஆய்வுகளில் இருந்து தொடங்குகிறேன். கல்லூரி மாணவர்கள் குறிப்பெடுக்கக் காத்திருக்கிறார்கள். நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். நடுநிலைப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றாக வைத்து, பெற்றோர் செய்கிற எந்தக் காரியம் மதிப்பெண்ணோடு சேர்ந்து போகிறது என்று பார்த்தார்கள். பள்ளிக்குப் போய்வருவது, பள்ளி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது இவற்றுக்கு ஓரளவு தொடர்பு இருந்தது. வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கு அந்த நல்ல தொடர்பு தெரியவில்லை. எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது வேறொன்று: படிப்பு எதற்கு என்று பிள்ளையோடு பேசுவது, அதன் ஆசையையும் எதிர்காலத்தையும் படிப்போடு இணைத்துப் பேசுவது, எங்கள் வீட்டில் உன்னிடம் இதை எதிர்பார்க்கிறோம் என்று உணர்த்துவது.

இவை பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகள்; அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. வீட்டுப்பாடத்தில் உதவி கேட்பவர்கள் ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைகளாக இருக்கலாம், அதனால்கூட அந்தத் தொடர்பு தலைகீழாகத் தெரியலாம். ஆனாலும் நான் வகுப்பறையில் கண்டதோடு இது ஒத்துப்போகிறது. அப்பா போட்டுக் கொடுத்த கணக்கு நோட்டைத் திறந்ததுமே தெரியும். விடை சரியாக இருக்கும், வழி நாங்கள் சொல்லித் தராத வழியாக இருக்கும், பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். பட்டம் வாங்கிய பெற்றோர் ஆசிரியராக மாறும்போது வீட்டில் இரண்டாவது பள்ளிக்கூடம் ஒன்று திறக்கிறது, அதில் பெரும்பாலும் முதல் பள்ளியைவிட அடி அதிகம்.

பேசுவது என்றால் என்ன என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பள்ளிக்கு வராத பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போனபோது அந்த வீட்டுத் திண்ணையில் சற்று உட்கார வேண்டி வந்தது. அம்மா இலையை நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் சமூக அறிவியல் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். பாண்டியர் வரலாறு. மாறவர்மன் குலசேகரனை அவன் மகன் சுந்தர பாண்டியன் கொன்றான் என்ற இடம் வந்தது. நறுக்கிய கை நின்றது.

"ஏட்டி, நில்லு. சுந்தர பாண்டியன் செத்துட்டான்னுல்லா நேத்து வாசிச்ச?"

"ஆமா."

"செத்தவன் இன்னைக்கு எப்படி வந்து அப்பனைக் கொன்னான்?"

பெண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டினாள், முன்னால் புரட்டினாள். "யம்மா, அது சடையவர்மன் சுந்தர பாண்டியன். அவன் முந்தின ஆளு. இவன் வேற சுந்தர பாண்டியன், குலசேகரனுக்கு மகன்." அம்மா, "அப்படிச் சொல்லு. ரெண்டு பேரு இருந்தா ரெண்டு பேருன்னு வாசிக்கணும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தார்.

ஆண்டுக்கணக்காக நான் அந்தப் பாடத்தை நடத்தியவன். வகுப்பில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவருக்கு எழுத்துத் தெரியாது. கதை தெரியும், நேற்றுக் கேட்டது நினைவில் இருந்தது, பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று சொல்லத் தெரிந்தது. வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள் வீட்டில் இருக்கிறார், அவர் புரிந்துகொள்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்பதே அந்தப் பெண்ணுக்குப் பெரிய பயிற்சி. பீடி முனையை மடக்கிக் கொடுக்க மகளின் கையைக் கேட்டிருந்தால் அன்று நூறு பீடி கூடுதலாகச் சுற்றியிருக்கலாம். அந்த அம்மா கையைக் கேட்கவில்லை, குரலைக் கேட்டார். அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுத்தல் என்பது அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

தாய்மார்களுக்கு எழுத்தறிவு கொடுத்தால் பிள்ளை படிப்பு எவ்வளவு உயரும் என்று நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். பிகாரிலும் ராஜஸ்தானிலும் 480 சிற்றூர்களில் ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெர்ரி, மார்க் ஷாட்லண்ட் ஆகியோர் நடத்திய அந்த ஆய்வு 2017இல் வெளியானது. சில ஊர்களில் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. சில ஊர்களில் பிள்ளையோடு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யலாம் என்ற பயிற்சி. சில ஊர்களில் இரண்டும். மூன்று வகை ஊர்களிலும் பிள்ளைகளின் கணக்குத் திறன் கூடியது. கூடிய அளவு சிறிதுதான், அதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெற்றோர் மட்டும் மாறினால் போதும் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு அந்தச் சிறிய எண் ஒரு நல்ல கடிவாளம். அதை மனத்தில் வைத்திருங்கள், பேச்சின் பிற்பகுதியில் அதற்கு வருவேன்.

அடுத்தது, கவனித்தல். வீட்டில் இருக்கும் அறிவு பள்ளிக்குக் கிடையாது. இதை ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மீது ஒரு புகார்: கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறான், திருட்டுப் புத்தி. தகப்பனார் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். கூப்பிட்டனுப்பி விஷயத்தைச் சொன்னதும், வழக்கமாக நடப்பதுபோல மகனை நாலு சாத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்டுல டி.வி.யையும் இவன் முட்டுற மாதிரி பக்கத்துல போய்த்தான் பாக்கான் சார்" என்றார். அந்தப் பேச்சில் நோய் பிடிபட்டது. கண்ணாடி போட்ட பிறகு அவன் யார் நோட்டையும் பார்க்கவில்லை. எங்கள் கண்ணுக்குத் திருட்டாகத் தெரிந்தது அந்தத் தகப்பனுக்குத்தான் கண் கோளாறாகத் தெரிந்தது.

கண்ணாடி விஷயத்தில் இன்னொரு தடை உண்டு. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2004இல் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்க முன்வந்தார்கள். போட்டுக்கொண்டவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் கொடுக்கிறோம் என்று சொன்னபோதே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளவில்லை. காசு காரணம் இல்லை என்றால் காரணம் வீட்டில் இருக்கிறது. நம் ஊரில் அதற்கு விளக்கம் தேவையா? 'இப்பவே சோடாபுட்டி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்' என்று பெண்ணின் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். அரசு கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே சோதித்து இலவசக் கண்ணாடி தருகிறது. வாங்கியதைப் போடவைப்பது வீட்டு வேலை. காது கேளாமையும் அப்படியே. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் திமிர் என்று பட்டம் கட்டும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் பிள்ளைகள் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளை காலை ஐந்து மணிக்கு டியூஷன், ஒன்பதரைக்குப் பள்ளி, மாலை சிறப்பு வகுப்பு, ராத்திரி ஒன்பது வரை இன்னொரு டியூஷன், பிறகு வீட்டுப்பாடம் என்று ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், தூக்கத்துக்கு ஆறு மணி நேரம் தேறாது. முதல் பாடவேளையில் கடைசி பெஞ்சு தலைகள் ஆடுவதற்குக் காரணம் ஆசிரியர் நடத்தும் லட்சணம் மட்டும் இல்லை.

டியூஷனைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. அசர் (ASER) என்னும் கல்விநிலை ஆய்வறிக்கையின்படி நாட்டின் கிராமப்புறப் பிள்ளைகளில் காசு கொடுத்து டியூஷன் போகிறவர்கள் 2018இல் 26.4 விழுக்காடு, 2022இல் 30.5. சில பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் டியூஷன் ஃபீஸ் கட்டியதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, அங்கே என்ன நடத்துகிறார்கள் என்று ஒருநாளும் கேட்காத பெற்றோரே மிகுதி. தன் வகுப்புப் பிள்ளையிடமே டியூஷன் காசு வாங்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அரங்கில் சிலர் குனிவது தெரிகிறது, மேலே போகிறேன்.

அதே சட்டத்தில் 24ஆம் பிரிவு இருக்கிறது. 2009இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் இது. ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகக் கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும் என்பதை ஆசிரியரின் கடமையாகவே அது எழுதி வைத்திருக்கிறது. ஆகவே, பள்ளி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, "சார், எம் புள்ள எப்படி படிக்கான்" என்று கெஞ்சும் குரலில் கேட்க வேண்டியதில்லை. கேட்பது உரிமை, சொல்வது எங்கள் கடமை.

என்ன கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நல்லா படிக்கானா?" என்று கேட்டால் "பரவாயில்ல, கொஞ்சம் கவனம் பத்தாது" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். ஆண்டுக்கு ஆண்டு எல்லாப் பிள்ளைக்கும் இதே பதில்தான். இதைக் கேட்கலாம்: எத்தனை நாள் வரவில்லை? இந்த வகுப்புப் புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறானா? கழித்தல், வகுத்தல் தானாகப் போடுகிறானா? யாரோடு உட்கார்கிறான், கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறானா? இந்தக் கேள்விகளுக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. ஆசிரியர் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த மாதமும் இந்த அம்மா வந்து கேட்பார் என்று தெரிந்தால் பார்ப்போம். இது அனுபவத்தில் சொல்வது.

வராத நாள்களைப் பற்றிய கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டிலிருந்து கிளம்புகிற பிள்ளை பள்ளிக்கு வந்து சேர்ந்ததா என்று பல பெற்றோருக்குத் தெரியாது, பள்ளியும் சொல்வதில்லை. சிலி நாட்டில் சாந்தியாகோ நகரின் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், வருகை, கணக்கு மதிப்பெண், நடத்தை மூன்றையும் அவ்வப்போது பெற்றோரின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண்ணும் வருகையும் கூடின. புதுப் புத்தகம் இல்லை, புது ஆசிரியர் இல்லை. தெரியவேண்டியது தெரியவேண்டியவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் வாட்ஸ்ஆப் குழு இல்லாத வகுப்பு இல்லை. அதில் காலை வணக்கப் பூப் படங்களுக்கு நடுவே வராத பிள்ளைகளின் பட்டியலும் வந்தால் நன்றாயிருக்கும். பெயரைப் பொதுவில் போடாமல், அந்தந்த வீட்டுக்கு மட்டும்.

மதிப்பெண் வரும் நாளைப் பற்றி. பொதுத் தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. வீடுகள் இன்னும் நிறுத்தவில்லை. அத்தை மகன் 470, பக்கத்து வீட்டுப் பெண் 482 என்ற பட்டியல் மதியத்துக்குள் தயாராகிவிடும். ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளைக்குச் சில வாரங்களில் துணைத் தேர்வு உண்டு, எழுதித் தேறினால் அதே ஆண்டில் மேல்வகுப்பில் சேரலாம். இதைத் தேர்வுக்கு முன்னாலேயே பிள்ளையின் காதில் போட்டுவைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. அன்றைக்கு வீட்டில் ஆள் இருங்கள். வேலைக்குப் போக வேண்டாம். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை.

இப்போது தாள் சமாச்சாரம். கல்வி பற்றிய சொற்பொழிவில் சான்றிதழைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற வீட்டில் படிப்பு பாதியில் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் தாளும் ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன் மாணவர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளி கேட்கும். பெயர், இனிஷியல், பிறந்த தேதி. ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளியில் ஒன்று, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லாமல் முழுப் பெயர் என்று இருக்கும். அந்த ஒரு நாளில் எழுத்துத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து மூன்றையும் ஒத்துப் பார்த்துவிட்டால் போதும். விட்டுவிட்டால், அச்சான மதிப்பெண் சான்றிதழைத் திருத்த எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று பட்டவர்களைக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு வருகிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத் துறையின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இ-சேவை மையத்தில் கிடைத்துவிடாது. வீட்டில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்று உண்டு, பொறியியல் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை அதைக் காட்டினால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற வரம்புதான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? எட்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்துவிட்டு, 'பப்ளிக் எக்ஸாம் வருது' என்று ஒன்பதாம் வகுப்பில் டி.சி. வாங்கி, கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். நகையை அடகு வைத்து உரிமையைத் தொலைப்பது என்றால் இதுதான். மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் எது போகும் என்று தெரிந்து மாற்றுங்கள்.

தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்தும் பிள்ளைகளின் கணக்கு சிறிதளவே கூடியது என்ற அந்தச் சிறிய எண்ணுக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். வீடு எவ்வளவு, பள்ளி எவ்வளவு என்ற கேள்வி அதில் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் கோல்மன் அறிக்கை வந்தது. பிள்ளைகளின் படிப்பில் தெரியும் வேறுபாடுகளைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் விளக்குகிறது என்பது அதன் முடிவு. எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பள்ளியை விட்டுவிடுவதற்கு அது பலருக்கு வசதியான சாக்காகப் போனது. 1983இல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் தரவை வைத்துப் பார்த்தார்கள். நாடு ஏழை நாடாக இருக்க இருக்க, பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது கூடிக்கொண்டே போனது. அந்த முடிவின் மீது பின்னால் விவாதங்கள் உண்டு. ஆனாலும் கைநாட்டு வைக்கிற வீடுகளை நினைக்கும்போது அது எனக்குச் சரியாகவே படுகிறது. வீட்டில் இல்லாததைப் பள்ளிதான் தர வேண்டும். ஆகவே இங்கே ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்குச் செய்கிற பெரிய உதவி, அந்தப் பிள்ளை போகிற பள்ளியைச் சரியாக நடக்கவைப்பது.

இது நமக்குப் புதிதல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1950களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, சுற்றுச்சுவர், மதிய உணவுக்கு அரிசி. ஊர்க்காரர்கள் மேடையேறி நான் இதைத் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பள்ளிக்கூடமே போகாதவர்கள் நிறைய. பெற்றோர் ஆசிரியர் கழகம் 1964இல் வந்தது. நாளடைவில் பல ஊர்களில் அது ரசீது புத்தகமாகவும் மாதிரி வினாத்தாள் புத்தகமாகவும் சுருங்கிப்போனது வேறு கதை.

இப்போது கையில் சட்டமே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் 20 உறுப்பினர்களோடு குழுக்களை மறுபடி அமைத்தார்கள். தலைவர் மாணவரின் தாயாக இருக்க வேண்டும் என்றார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். எழுத்தில் இதைவிடச் சிறப்பாக அமைக்க முடியாது. நடப்பில், தீர்மானத்தை ஹெட்மாஸ்டர் எழுதுவார், நோட்டு வீடு தேடி வரும், தலைவியம்மா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவார். ரேங்க் கார்டில் வைத்த கைநாட்டு தீர்மான நோட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. வேலை நாளின் பிற்பகலில் கூட்டம் வைத்தால் கூலிக்காரர் எப்படி வருவார் என்று கேட்பாரும் இல்லை.

குழு உயிரோடு இருக்கும் ஊர்களும் உண்டு. அங்கே தலைவி கேட்பவை மிகச் சாதாரணமானவை. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? மூன்றாம் வகுப்பு டீச்சர் மாறுதலில் போய் எத்தனை நாளாயிற்று, இடத்துக்கு யார் வருகிறார்? காலை உணவு எட்டரைக்கு வருகிறதா? 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. உப்புமாவில் உப்பு இருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்க்கிற உரிமை அந்தக் குழுவுக்கு உண்டு. இதற்கெல்லாம் எழுத்தறிவு வேண்டாம், நேரமும் நெஞ்சுரமும் வேண்டும்.

ஊரார் கை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அளந்து பார்த்த சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவில் படித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். மாலையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மீதிப் பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். தெருவும் வேண்டும், பள்ளியும் வேண்டும்.

அறக்கட்டளைப் பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்து அமர்கிறேன். ஆண்டுதோறும் இந்த மேடைக்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களை அழைக்கிறீர்கள், சால்வை போர்த்துகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு இந்த மாவட்டத்துப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ஒருவரை அழையுங்கள். உரையை எழுதித் தரச் சொல்லாதீர்கள். பேசச் சொல்லி, அவர் பேசியதை அவர் பேச்சிலேயே அச்சிடுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். அன்றைய கூலியை எண்ணி ஒரு கவரில் போட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.